நாற்பத்தெட்டு சிப்புகளும் ஒரு கையெழுத்தும்

நான் ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. இந்த நான்கு வருடங்களில் வேலை பார்த்த நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சர்க்கரை வேறு. காலையில் எழுந்து வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் ஒரு ஷிப்ட் பார்த்த அலுப்பு வந்துவிடுகிறது. போன மாதம் ஷாலினி என்ற இளம் பொறியாளர் போன் செய்தார். சுரங்கத்தில் பழைய கன்ட்ரோலர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால், எந்த இயந்திரத்தில் எந்த பூட் லோடர் இருந்தது என்று ஒன்று விடாமல் ஆவணப்படுத்தி, வகை பிரித்து, கணினியில் ஏற்ற வேண்டுமாம்.

“மேடம், பழைய ரெஜிஸ்டர் ஏழும் உங்க கையெழுத்துலதான் இருக்கு. ரொம்ப நீட்டா இருக்கு. ஆனா ஒன்னு, ரெண்டு, மூனுன்னு வகை போட்டிருக்கீங்களே, அதை எதை வெச்சுப் பிரிச்சீங்கன்னு எங்கயும் எழுதலை.”

“எழுதலையா?”

“தேடிப் பார்த்துட்டேன் மேடம். இல்லை.”

எழுதவில்லைதான். என் வேலைக் காலத்தில் நான் செய்த தவறுகளில் அது சின்னது. அரை மணி நேரம் போனிலேயே விளக்கினேன். வைத்த பிறகு, சின்னதை மட்டும் சொல்லிவிட்டுப் பெரியதை வழக்கம்போல் விழுங்கிவிட்டேன் என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். ஷாலினியுடன் பிறகு பேசியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். விருதுநகரில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஒரு வருடம் அப்ரண்டிஸ், தேர்வு, நேர்காணல், பிறகு நெய்வேலி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைன்ஸுக்குள் போகும் பஸ்ஸில் நான் ஒருத்திதான் பெண். அந்த ஓட்டுநர் முதல் ஆறு மாதம் என்னை யாரோ அதிகாரியின் மகள், சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தின் விளிம்பில், வொர்க்‌ஷாப்பை ஒட்டி இருந்த கன்ட்ரோல் லேபில் என்னைப் போட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

பூட் லோடர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்வேயர் பெல்ட்டை ஓட்டும் கன்ட்ரோலருக்குள் ஒரு பலகை இருக்கும். மின்சாரம் வந்தவுடன் அந்தப் பலகையில் முதலில் கண் விழிக்கும் சிறிய நிரல்தான் பூட் லோடர். நினைவகம் சரியாக இருக்கிறதா, ஆபத்தில் இழுத்து நிறுத்துவதற்காகப் பெல்ட் ஓரத்தில் ஓடும் அவசரக் கயிறு இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய நிரலை எழுப்பிவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்ளும். அது எழுந்திருக்காவிட்டால் மற்ற எதுவும் எழுந்திருக்காது. இப்போது அதெல்லாம் கோப்பாக வருகிறது, இயந்திரமே சரிபார்த்துக்கொள்கிறது. அப்போது அது கட்டைவிரல் நீளமுள்ள ஒரு சிப்பில் இருந்தது. சிப்பின் முதுகில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துபோகும். அதற்காகத்தான் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்போம். பெயரையும் அந்த ஸ்டிக்கரிலேயே எழுதிவிடுவதால், பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பெயர்ச் சீட்டாகத்தான் தெரியும்.

நான் சேர்ந்தபோது இந்த சிப்புகள் ஒரு இரும்பு அலமாரியில் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தன. பலகை ஒவ்வொன்றும் வெவ்வேறு வருடத்தில் வந்தது, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பதிப்பு. எதற்கு எது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும், அந்த இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த அலமாரியை ஒழுங்கு பண்ணுகிற வேலையை என் தலையில் கட்டியவர் வேலுச்சாமி சார்.

எங்கள் பிரிவுக்கு அவர்தான் மேலதிகாரி, பொள்ளாச்சிக்காரர். திட்டவே மாட்டார். திட்டிவிட்டால் தேவலை என்று நமக்குத் தோன்றும். சட்டைப் பையில் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்றும் பச்சைப் பென்சில் ஒன்றும் இருக்கும். நாம் எழுதி வைத்த ரெஜிஸ்டரை உட்கார்ந்து பார்க்க மாட்டார், நின்றுகொண்டேதான் பார்ப்பார். ஒரு வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார்.

“இது எப்படிங்க தெரியும்?”

“பழைய லிஸ்ட்ல இருந்தது சார்.”

“அவுங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். ‘நானே படித்துப் பார்த்தேன்’ என்ற ஒரு பதிலைத்தான் அவர் ஏற்றுக்கொள்வார். முதல் மாதம் என் ரெஜிஸ்டர் பச்சை அம்மை போட்டது மாதிரி இருந்தது.

படிப்பது என்றால் இப்படி. சிப்பை, அதன் உலோகக் கால்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். ரீடர் என்ற கருவியில் உட்கார வைத்து, பக்கத்தில் உள்ள கைப்பிடியை அழுத்த வேண்டும். அது உள்ளே இருப்பதை எல்லாம் படித்துக் கூட்டி, நான்கு இலக்கத்தில் ஒரு எண் காட்டும். எண் என்றாலும் அதில் ஏ, பி, எஃப் என்று எழுத்துகளும் வரும். அதை ‘படித்த எண்’ என்ற கட்டத்தில் எழுதி, பழைய எண்ணோடு ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கருவி ஆமை வேகம், ஒரு சிப்புக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

வகை பிரித்த கதையைத்தான் ஷாலினி கேட்டார். முதலில் நான் பெல்ட் வாரியாகப் பிரித்தேன். “பெல்ட்டுல இருந்து பலகையைக் கழட்டி வேற பெல்ட்டுல மாட்டுனா என்னங்க பண்ணுவீங்க?” என்று சார் கேட்டார், கலைத்துவிட்டேன். பிறகு பதிப்பு வாரியாகப் பிரித்தேன். “இது அலமாரிக்கு உதவுமுங்க. ராத்திரி ஷிப்ட்ல மாட்டுறவனுக்கு எதுக்குங்க உதவும்?” என்றார். கடைசியில், கோளாறு வந்தால் அது என்ன செய்யும் என்பதை வைத்துப் பிரித்தோம். கோளாறு கண்டால் அப்படியே நின்றுவிடுவது ஒன்றாம் வகை. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருப்பது இரண்டாம் வகை. கயிற்றைச் சரியாகப் பார்க்காமலே பெரிய நிரலிடம் ஒப்படைத்துவிடுவது மூன்றாம் வகை. மூன்றாம் வகைதான் ஆளைக் கொல்லக்கூடியது, அதற்குச் சிவப்புச் சீட்டு. ஒவ்வொன்றையும் மேசை மேல் சோதனைப் பலகையில் மாட்டி, வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்து எழுதினேன். இரண்டு வருடம் ஆயிற்று. முடிவில் நான்கு தட்டுகள், தட்டுக்குப் பதினாறு, மொத்தம் அறுபத்து நான்கு உதிரி சிப்புகள். தனலட்சுமி என்ற என் பெயரைச் சுருக்கி, “தனம் மேடம் ரெஜிஸ்டர்ல இருந்தா சரியாத்தான் இருக்கும்” என்று வொர்க்‌ஷாப்பில் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த லேபில் கொளஞ்சி என்று ஒருவர் இருந்தார். நெய்வேலிக்குப் பக்கத்து வடக்குத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், காண்ட்ராக்ட் ஹெல்பர். துடைப்பது, தூக்குவது, டீ வாங்கி வருவது என்று அந்தச் சமயத்தில் பதினோரு வருடமாக அந்த வேலையில் இருந்தார். எல்லாரும் அவரை வாடா போடா என்பார்கள், நானும் முதலில் வா போ என்றுதான் பேசினேன். வேலுச்சாமி சார் மட்டும் “வாங்க கொளஞ்சி” என்பார். அதைக் கேட்டுக் கேட்டு நானும் மாறினேன். எட்டாவதோடு நின்றவர், ஆனால் அந்த நான்கு இலக்க எண்களை எங்களைவிடத் தெளிவாகப் படிப்பார். நான் எழுதும்போது அவர்தான் வாசிப்பார், “மூனு ஏ எஃப் ஏழு” என்று ராகம் போட்டு.

அந்த வருடம், காண்ட்ராக்டில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களில் சிலரைப் பெர்மனன்ட் ஆக்குவதற்கு லிஸ்ட் எடுத்தார்கள். கொளஞ்சியின் பெயர் அதில் மேலேயே இருந்தது. பெர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அவர் அதையெல்லாம் பேசி நான் கேட்டதில்லை.

“காண்ட்ராக்ட் கேட்டுல தெனமும் டிபன் பாக்ஸைத் தொறந்து காட்டணும் மேடம். வூட்டுல என்னா கொழம்புன்னு செக்யூரிட்டிக்குத்தான் மொதல்ல தெரியும். அது ஒன்னு நின்னாப் போதும்” என்றார்.

அவர் பேரில் எந்தப் புகாரும் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. பதினோரு வருடத்தில் ஒரு புகார் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. நெய்வேலியில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். சுரங்கத்து இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். நான் பூஜை முடிந்த கையோடு ஒன்பது நாள் லீவில் ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். “கொளஞ்சி, அலமாரியில ஒரு தூசி இருக்கக் கூடாது. சிப்பு உட்பட எல்லாத்தையும் நல்லாத் துடைச்சுச் சந்தனம் வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஸ்டிக்கர் எதற்கு என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் செயல்முறைக் குறிப்பிலும் எதை எங்கே ஒட்டுவது என்று இருந்ததே தவிர, ஏன் என்று ஒரு வரி இல்லை.

திரும்பி வந்த அன்று என் மேசையில் நான்கு தட்டுகளும் பளபளவென்று இருந்தன. சிப்புகளின் முதுகில் ஸ்டிக்கர் இல்லை. ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் காய்ந்த சந்தனம்.

“ஸ்டிக்கரெல்லாம் எண்ணெப் பிசுக்கு ஏறிக் கெடந்துச்சு மேடம். உரிச்சுட்டு ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சேன். நம்பர் மாறிடக் கூடாதுன்னு வெச்ச எடத்துலயே வெச்சிருக்கேன்” என்றார் கொளஞ்சி. முகத்தில் அவ்வளவு பெருமை.

மூடாத கண்ணாடியில் வெயில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் சில நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். எங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆய்வுக் குழு வருகிறது, புது ரெஜிஸ்டர் தயாராக இருக்க வேண்டும். அறுபத்து நான்கையும் படிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஐந்தரைக்கு என் பஸ். முதல் தட்டில் இருந்த பதினாறையும் படித்தேன். எல்லாம் பழைய எண்ணோடு ஒத்துப் போயிற்று. மணி நாலரை.

“பழைய ரெஜிஸ்டரை எடுத்து வாசிங்க கொளஞ்சி” என்றேன்.

“மெசின்ல வெச்சுப் பாக்கலீங்களா மேடம்?”

“ஒரு தட்டு சரியா இருக்குல்ல? மீதியும் அப்படித்தான் இருக்கும். வாசிங்க.”

அவர் வாசித்தார். நான் எழுதினேன். நாற்பத்தெட்டு சிப்புகளுக்கு, ‘படித்த எண்’ என்ற கட்டத்தில், படிக்காத எண்களை எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். புது ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்து, சாவியைக் கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். ஆய்வுக் குழு மறுநாள் ரெஜிஸ்டரைப் பாராட்டிவிட்டுப் போயிற்று. வேலுச்சாமி சார் மகள் பிரசவத்துக்காக நீண்ட லீவில் பொள்ளாச்சி போயிருந்தார். அவர் இருந்திருந்தால் ஸ்கேலை வைத்திருப்பார்.

ஒரு மாதம் கழித்து, நல்ல மழைக்காலத்தில், ஒரு காலை நேரம் இடி இறங்கி முக்கியமான பெல்ட் ஒன்றின் கன்ட்ரோலர் போய்விட்டது. மாற்றுப் பலகையை மாட்டி, மூன்றாம் தட்டிலிருந்து பூட் சிப்பைப் போட்டார்கள். பலகை உயிரே பெறவில்லை. அடுத்ததைப் போட்டார்கள், அதுவும் அப்படியே. நான்காம் தட்டிலிருந்து போட்டாலும் அதே கதைதான். முதல் தட்டில் அந்தப் பலகைக்கான பதிப்பு இல்லை. பெல்ட் அன்று முழுக்க நின்றது. நான் பூட்டிய டிராயரில் இருந்த மூலப் பிரதியிலிருந்து புது சிப் ஒன்றில் எழுதிக் கொடுத்து, அது ஓடத் தொடங்கியபோது சாயங்காலம்.

எழுந்திருக்காத சிப் ஒன்றை ரீடரில் வைத்துப் படித்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. அழிக்கப்பட்ட சிப் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கொளஞ்சியைக் கூப்பிட்டு, பூஜை முடிந்து நான் ஊரில் இருந்தபோது இவை எங்கே இருந்தன என்று கேட்டேன்.

“பின்னாடி வெயில்ல மேடம். மழைக்காலம் வருதே, நமுத்துப் பூடும்னு தெனமும் காலைல எடுத்து வெச்சு சாயங்காலம் உள்ள வெச்சுகினு இருந்தேன். பெஞ்சுல மூனு தட்டுக்குத்தான் எடம். மொத தட்டு மட்டும் அலமாரியிலயே இருந்துச்சு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் மேடம், தப்புங்களா?” என்றார்.

நெல்லைக் காய வைக்கிற மாதிரி ஒன்பது நாள் காய வைத்திருக்கிறார். தப்பு அவருடையது இல்லை. சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. அதைவிட, அன்று சாயங்காலம் ஒரே ஒரு சிப்பை, இரண்டாம் தட்டிலிருந்து ஒன்றைப் படித்திருந்தால்கூட எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் விசாரணை. வேறு பிரிவைச் சேர்ந்த மூன்று அதிகாரிகள். சிப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, ரெஜிஸ்டர் படிக்கத் தெரியும். ரெஜிஸ்டரின்படி, பூஜைக்குப் பிறகு அறுபத்து நான்கு சிப்புகளும் நல்ல நிலையில் இருந்தன. அதற்குப் பிறகு அலமாரிச் சாவி கொளஞ்சியிடம் இருந்தது. அப்படியென்றால் கெடுத்தது யார் என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

“நீங்க மெஷின்ல படிச்சுப் பார்த்துதானே இதை எழுதினீங்க?” என்று அவர்களில் பெரியவர் என்னைக் கேட்டார்.

கொளஞ்சி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“ஆமா சார்” என்றேன்.

“உனக்கு ஏதாவது சொல்லணுமாப்பா?” என்று அவரைக் கேட்டார்கள்.

அவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பிறகு, “ஒன்னுமில்லீங்க” என்றார். அன்றே அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

பயம் என்று மட்டும் சொன்னால் அது பொய். எனக்கு சூப்பர்வைசர் பதவி உயர்வு வரவிருந்தது, அது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், தனம் மேடம் ரெஜிஸ்டர் என்ற அந்தப் பேர். அதை ஒரு துடைக்கிற ஆளுக்காக விட எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன், இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

பதினோரு நாள் கழித்து வேலுச்சாமி சார் திரும்பி வந்தார். வந்ததும் அலமாரியைத் திறந்தார். மூன்றாம் தட்டிலிருந்து ஒரு சிப்பை எடுத்து, நான் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தார். ஓரத்தில் சந்தனம். ரீடரில் வைத்துப் படித்தார். ஐந்து நிமிடமும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ரெஜிஸ்டரை எடுத்து வந்து என் மேசையில் விரித்து, அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார்.

“இது எப்படிங்க தெரியும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர், “எழுதிக் குடுங்க” என்றார். எழுதினேன். அதற்குக் கீழே அவர் பச்சைப் பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவால் இரண்டு வரி சேர்த்தார். ஸ்டிக்கர் எதற்கு என்று செயல்முறைக் குறிப்பில் எழுத வைக்காதது தன்னுடைய குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதே என்னையும் கூட்டிக்கொண்டு, ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசுக்குப் போனார். நடந்தே போனோம்.

அங்கே இருந்த கிளார்க் தாளைப் படித்துவிட்டு, “பாஸைத் திருப்பிக் குடுத்துடலாம் சார், அது பிரச்சினை இல்லை. ஆனா பெர்மனன்ட் லிஸ்ட் முந்தாநாள் போயிடுச்சே” என்றார்.

“திருப்பிக் கேக்க முடியாதுங்களா?”

“நேத்தே அப்ரூவல் ஆகி வந்துடுச்சு சார். அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம்.”

அடுத்த லிஸ்ட் வருவதற்கு எட்டு வருடம் ஆயிற்று. அப்போது கொளஞ்சிக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. எனக்கு மெமோ கொடுத்து, ஒரு வருட இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். அந்தத் தண்டனை ஒரு வருடத்தில் முடிந்தது. சூப்பர்வைசர் பதவியும் தாமதமாக வந்து சேர்ந்தது.

கொளஞ்சி திரும்பி வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரீடரைத் துடைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன் மேடம்” என்றார். பிறகு, “இனிமே நான் வாசிச்சா நானும் ஒரு கையெழுத்து போடறேன். மெசின்ல வெச்சாத்தான் போடுவேன்” என்றார்.

காண்ட்ராக்ட் ஆள் கையெழுத்துப் போட விதியில் இடம் இல்லை என்று நான் இழுத்தேன். வேலுச்சாமி சார் ரெஜிஸ்டரை வாங்கி, எஃகு ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்து, மேலே ‘உடனிருந்தவர்’ என்று எழுதினார். அன்றிலிருந்து கொளஞ்சி வேலையை விட்டு நிற்கும் வரை, ஒவ்வொரு சிப்புக்கும் ரீடரின் திரையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நான் அவசரம் என்றால்கூட விட மாட்டார். அந்த ஏழு ரெஜிஸ்டர்களில் அதற்குப் பிறகு தவறு இல்லை என்றால், அது என் திறமையால் இல்லை. யாராவது பாராட்டும்போது இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சொன்னதில்லை.

வேலுச்சாமி சார் இறந்து பல வருடங்கள் ஆயிற்று. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நான் வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டினேன். கொளஞ்சியின் வீடு இரண்டு தெரு தள்ளி. மளிகைக் கடையில் பார்த்தால் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

போன வாரம் ஷாலினி மறுபடியும் கூப்பிட்டார்.

“மேடம், எல்லாம் ஏத்திட்டேன். ஒரே ஒரு இடத்துல நிக்குது. உடனிருந்தவர்னு ஒருத்தர் கையெழுத்து நிறையப் பக்கத்துல இருக்கே, கொளஞ்சின்னு. புது சிஸ்டம் அவருக்கு எம்ப்ளாயி நம்பர் கேக்குது. அப்படி ஒரு பேரே ரெக்கார்டுல இல்லைங்கறாங்க. பேசாம அங்கயும் உங்க பேரையே போட்டுடட்டுமா?”

“வேண்டாம். நான் கேட்டுச் சொல்றேன்” என்றேன். காண்ட்ராக்ட் பாஸில் ஏதாவது ஒரு எண் இருந்திருக்கும், அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அன்று சாயங்காலம் வலியோடு நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, பழைய பாஸ் எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா, அதில் நம்பர் இருக்குமா என்று கேட்டேன்.

“பாஸையெல்லாம் காண்ட்ராக்டர் மாறும்போது வாங்கிக்குவாங்களே” என்றார். பின்னலின் நுனியில் ரப்பரைப் போட்டு முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு ஏது மேடம் நம்பர்?”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்றும் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் ஷாலினியைக் கூப்பிட்டேன். அவருக்கு எண் இல்லை, இல்லை என்றே போடுங்கள் என்றேன்.

“இல்லைன்னு போட்டா, ஏன் இல்லைன்னு காரணம் கேக்குது மேடம். ஐம்பது எழுத்துக்குள்ள.”

“சரி, சொல்றேன், அடிங்க. ‘தனலட்சுமி பொய் எழுதியதால் பெர்மனன்ட் ஆகவில்லை.’”

“மேடம், இது ரெக்கார்டுல அப்படியே நின்னுடும். நிஜமாவே அடிக்கணுமா?”

“அடிங்க” என்றேன். அவர் அடித்து முடிக்கும் வரை போனை வைக்கவில்லை.